பழைய பிக்கப்பில் பின் அச்சு கியர் மாற்றம்: கவரைக் கழற்றும் முன் படிக்க வேண்டியவை

என் பழைய பிக்கப் வண்டிக்கு நான்கு கியர்தான். நெடுஞ்சாலையில் ஏறி நான்காவது கியரில் போட்ட பிறகும், இன்னும் ஒரு கியர் இருக்குமோ என்று கை தானாகத் தேடும். இன்ஜின் அப்படிக் கத்தும். பின் அச்சில் இருக்கும் கியர் விகிதத்தை மாற்றினால் சத்தமும் குறையும், டீசலும் மிஞ்சும் என்று கேள்விப்பட்டு வேலையில் இறங்கினேன். இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை. வண்டி ஸ்டாண்டுகளின் மேல் இருபத்து மூன்று நாள் நின்றது. அதில் இருபது நாள் என் அவசரத்தின் விலை. அந்த இருபது நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் வண்டிக்கு இது தேவையா?

பின் அச்சின் நடுவில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலுக்குள் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரமும் இருக்கின்றன. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் விகிதம். என் வண்டியில் கிரவுனுக்கு 45 பல், பினியனுக்கு 11 பல், ஆக 4.09. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நான்கு முறைக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், இன்ஜின் ஓட்டமும் அதிகம். எண்ணைக் குறைத்தால் அதே வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், இழுவை குறையும்.

பலன் யாருக்கு? கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் (விகிதம் 1-க்கும் கீழே உள்ள கியர்) இல்லாமல், 4 அல்லது அதற்கு மேற்பட்ட விகிதத்தோடு, பெரும்பாலும் நெடுஞ்சாலையில் பாரமில்லாமல் ஓடும் வண்டிக்கு. ஊருக்குள் நின்று நின்று போகும் வண்டிக்குப் பலன் சொல்லும்படி இருக்காது. பாரம் ஏற்றுகிறவர்கள், டிரெய்லர் இழுப்பவர்கள், மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். கிளட்ச் தேயும், மேட்டில் மூச்சு வாங்கும், மூன்றாவது கியரிலேயே ஓட்டி டீசலை இன்னும் அதிகமாகச் செலவழிப்பீர்கள்.

மைலேஜ் குறைவுக்குக் கியர்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன், டயரில் காற்று சரியாக இருக்கிறதா, பிரேக் ஏதாவது உரசிக்கொண்டே ஓடுகிறதா, தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் ஒரு பின்சக்கர பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்த உடனேயே லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் கூடியது.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு டேங்கை முழுவதும் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கு எடுங்கள். ஒரு டேங்க் போதாது. மூன்று டேங்க் ஓட்டிச் சராசரி எழுதி வையுங்கள். எனக்கு நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 7.4 கிலோமீட்டர் வந்தது. இந்த எண் கையில் இல்லாமல் கியரை மாற்றினால், பலன் வந்ததா இல்லையா என்பது உங்களுக்கு எப்போதுமே தெரியாது.

2. இப்போதைய விகிதத்தை உறுதி செய்யுங்கள்

சில வண்டிகளில் டிஃபரன்ஷியல் கவரின் போல்ட் ஒன்றில் சிறிய தகடு தொங்கும். விகிதம் அதில் அடித்திருக்கும். ஃபோர்டு தகட்டில் எண்களுக்கு நடுவே புள்ளி வரவேண்டிய இடத்தில் ‘எல்’ எழுத்து இருந்தால் அது லிமிடெட் ஸ்லிப் வகை, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்கப்புகளில் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் குறியீடு இருக்கும்: ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10.

ஆனால் தகடும் ஸ்டிக்கரும் தொழிற்சாலை போட்டதைத்தான் சொல்லும். பழைய வண்டி எத்தனை கை மாறி வந்ததோ, யார் எதை மாற்றினார்களோ. எண்ணிப் பார்த்து விடுங்கள்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிறகு கை பிரேக்கை விடுவியுங்கள். டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால், தூக்கிய சக்கரத்தை இருபது முறை சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று ஒருவர் எண்ணட்டும். அதைப் பத்தால் வகுத்தால் விகிதம். ஏன் இருபதால் அல்ல, பத்தால்? மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றை விழுங்கிவிடுகிறது. இது தெரியாமல் முதல் நாள் எனக்கு 2.05 என்று விடை வந்தது. அப்படி ஒரு பிக்கப் இருந்தால் அது தன்னைத்தானே நகர்த்தவே திணறும். லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது) உள்ள அச்சு என்றால் இரண்டு சக்கரங்களையும் தூக்கிச் சேர்த்துச் சுற்றுங்கள். பத்துச் சுற்றுக்கு வரும் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் போதும்.

3. காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள்

வேகத்தை 16.67-ஆல் பெருக்குங்கள். அதை அச்சு விகிதத்தாலும் டாப் கியர் விகிதத்தாலும் பெருக்கி, டயரின் சுற்றளவால் வகுங்கள். வேகம் மணிக்குக் கிலோமீட்டரில், சுற்றளவு மீட்டரில் இருக்க வேண்டும். விடை, இன்ஜினின் நிமிடச் சுழற்சி.

என் டயர் 235/75 ஆர் 15, சுற்றளவு 2.30 மீட்டர். டாப் கியர் நேரடி, அதாவது 1. மணிக்கு 80 கிலோமீட்டரில் 4.09 விகிதத்துக்குச் சுமார் 2,370 சுற்று வருகிறது. 3.54 போட்டால் 2,050. 3.07 போட்டால் 1,780. கடைசி எண்ணைப் பார்த்தவுடன் வாயில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறியது. அங்கேதான் நிதானம் வேண்டும். சுழற்சி பதின்மூன்று சதவீதம் குறைந்தால் டீசலும் பதின்மூன்று சதவீதம் குறையாது. நெடுஞ்சாலையில் பெரும்பங்கு ஆற்றலைக் காற்றின் எதிர்ப்பு தின்கிறது. அதை எந்தக் கியரும் குறைக்காது. மிச்சமாவது இன்ஜினின் உள் உராய்வும் காற்றை உறிஞ்சி வெளித்தள்ளும் இழப்பும் மட்டும்தான்.

இன்ஜினுக்கு அந்தக் குறைந்த சுழற்சியில் இழுக்கத் தெம்பு இருக்கிறதா என்பதைப் பைசா செலவில்லாமல் சோதிக்கலாம். புதிய விகிதத்தில் 80-இல் 2,050 சுற்று என்றால், பழைய விகிதத்தில் அதே சுற்று சுமார் 69-இல் வரும். ஆகவே சாதாரணமான மேடு ஒன்றில், டாப் கியரில், 69-இல் போய் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். வண்டி உதறாமல், முனகாமல் வேகம் எடுக்கிறதா? புதிய விகிதத்தில் இதைவிடக் கடினமாக இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். 3.07-க்கு இணையான வேகத்தில் இதே சோதனையைச் செய்தபோது என் வண்டி உலுக்கி எடுத்தது. ஆசை அதோடு தீர்ந்தது.

உங்கள் கியர்பாக்ஸில் 0.7 போன்ற ஓவர்டிரைவ் இருந்தால் 4.09 அச்சோடேயே 80-இல் 1,660 சுற்றுதான் வரும். அப்படியென்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு பயம்: சுழற்சி மிகவும் குறைந்தால் கிளட்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் பூட்டு அடிக்கடி விடுபடும், கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும். மைலேஜ் கூடாது, சூடுதான் கூடும்.

4. செலவை லிட்டரில் எழுதுங்கள்

பணத்தில் கணக்குப் போட்டால் மனம் ஏமாற்றும். எல்லாச் செலவையும் எரிபொருள் லிட்டராக மாற்றிவிடுங்கள். லிட்டருக்கு 7.4 கிலோமீட்டர் 7.9 ஆனால், நெடுஞ்சாலையில் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மிச்சம் ஏறத்தாழ 128 லிட்டர். என் மொத்தச் செலவு அப்போதைய விலையில் சுமார் 700 லிட்டருக்குச் சமமாக இருந்தது. வகுத்தால் ஐந்தரை ஆண்டு. வண்டி அதுவரை உங்களிடம் இருக்குமா, அதன் தரைத்தகடு அதுவரை துருப்பிடிக்காமல் தாங்குமா என்று யோசியுங்கள். எனக்குச் சத்தம் குறைந்ததே பாதிக் கூலி. மைலேஜை மட்டும் நம்பி இறங்கியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

செலவுப் பட்டியலில் பலரும் கிரவுன்-பினியன் ஜோடியை மட்டும் எழுதுவார்கள். விடுபடுபவை: பினியன் பேரிங்குகள், கேரியர் பேரிங்குகள், ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்), ஆயில் சீல், புதிய பினியன் நட், நசுங்கும் ஸ்லீவ் உள்ள அச்சானால் அந்த ஸ்லீவ், கேஸ்கட், இரண்டு முறைக்கான கியர் ஆயில், ஸ்பீடோமீட்டர் கியர், கூலி. இவற்றின் கூட்டுத்தொகை கியர் ஜோடியின் விலையைத் தாண்டிவிடும்.

5. கேரியர் என்ற கண்ணிவெடி

இருபத்து மூன்று நாளில் பெரும்பகுதி இங்கேதான் போயிற்று. கிரவுன் வீல் ஒரு கேரியரின் மேல் போல்ட் போட்டு உட்காருகிறது. பினியனின் அளவு விகிதத்துக்கு விகிதம் மாறும். அதற்கு ஏற்பக் கிரவுன் உட்காரும் இடமும் மாற வேண்டும் என்பதால் சில அச்சுகளுக்கு இரண்டு வகைக் கேரியர்கள் உண்டு. டானா 44 என்ற அச்சு வகையில் 3.73-உம் அதற்குக் கீழும் ஒரு கேரியர், 3.92-உம் அதற்கு மேலும் வேறு கேரியர். என்னுடையது டானா 44. நான் 4.09-இலிருந்து 3.54-க்கு இறங்கினேன், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டேன். கியர் ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழைய கேரியரில் பொருத்திப் பார்த்தபோது கிரவுன் பினியனில் முட்டிக்கொண்டு உட்காரவே இல்லை. சரியான கேரியர் தேடி, வரவழைத்து, அதுவரை அச்சைத் துணி போட்டு மூடிவைத்துக் காத்திருந்தேன்.

டானா 60-இலும் ஜிஎம்மின் 14-போல்ட் பெரிய அச்சிலும் எல்லை வேறு: 4.10 வரை ஒன்று, 4.56 முதல் வேறொன்று. ஃபோர்டின் 9 அங்குல அச்சில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் அச்சுக்கு எல்லை எங்கே என்பதைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்த பிறகே பாகங்களுக்குச் சொல்லுங்கள். வந்த பெட்டியைத் திறந்ததும் கிரவுனிலும் பினியனிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றா என்று பாருங்கள். அவை சேர்த்துத் தேய்த்து உருவாக்கப்பட்டவை. ஒரு ஜோடியின் கிரவுன் இன்னொரு ஜோடியின் பினியனோடு சேராது.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியா? முன் அச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். பின்னது 3.54, முன்னது 4.09 என்று வைத்து உறுதியான தரையில் நான்கு சக்கரத்தையும் இணைத்தால் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டையிடும். நடுவில் மாட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. நாலாவது படியின் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

6. பற்களை மாற்றுவதா, அச்சையே மாற்றுவதா?

முதல் முறை செய்பவர்களுக்கு என் பரிந்துரை: அதே மாடலில், வேண்டிய விகிதத்தோடு தொழிற்சாலையிலிருந்து வந்த பின் அச்சு ஒன்றைப் பழைய பாகக் கடையில் தேடுங்கள். முழு அச்சையும் இறக்கி ஏற்றுவது முரட்டு வேலைதான். ஆனால் நுண்ணிய அளவீடு எதுவும் இல்லை. வாங்கும் முன் ஸ்பிரிங் உட்காரும் இடத்தின் அகலம், பிரேக் டிரம் அளவு, சக்கர போல்ட்களின் அமைப்பு, ஷாஃப்ட் இணையும் யோக் ஆகிய நான்கையும் அளந்து பாருங்கள். கவரைக் கழற்றிப் பல் பார்க்க விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். டொயோட்டா ஹைலக்ஸின் பின் அச்சு, ஃபோர்டு 9 அங்குலம் போன்றவற்றில் டிஃபரன்ஷியல் தனித் தொகுதியாக முன்பக்கம் கழன்று வரும். அந்தத் தொகுதியை மட்டும் மாற்றுவது இன்னும் எளிது.

பற்களையே மாற்றுவதென்றால், இந்த வேலையைத் தொடர்ந்து செய்யும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பழகிய கைக்கு ஓர் அச்சுக்கு அரை நாளிலிருந்து ஒரு நாள். நான் முதலில் போன பட்டறையில் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்டேன். “கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரியும்” என்று பதில் வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த இருபத்து மூன்று நாளில் நான் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான்.

7. காகிதங்கள்

இரண்டு இடங்களில் முன்கூட்டியே கேளுங்கள். வாகனப் பதிவு அலுவலகத்தில், அச்சு விகிதம் மாற்றுவது பதிவுச் சான்றில் குறிக்க வேண்டிய மாற்றமா என்று கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தில், தெரிவிக்க வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதே மாடலுக்குத் தயாரிப்பாளரே கொடுத்திருந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் பேச்சு சுலபமாக முடியும். மேனுவலின் இழுவைத் திறன் பட்டியலையும் பாருங்கள். அச்சு விகிதம் இறங்கினால் அனுமதிக்கப்பட்ட டிரெய்லர் எடையும் பெரும்பாலும் இறங்கும்.

பாக எண் தெரியும்படி ரசீதுகள், பழைய, புதிய பற்களின் புகைப்படம், மாற்றிய நாளின் ஓடோமீட்டர் எண், ஸ்பீடோமீட்டர் திருத்திய நாளின் எண் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது தூரக் கணக்கில் சந்தேகம் வந்தால் அந்த உறைதான் பேசும்.

8. பட்டறையில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

வேலையை நீங்கள் செய்யாவிட்டாலும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேரியரைப் பிடித்திருக்கும் இரண்டு பேரிங் மூடிகளைக் கழற்றும் முன் இடம் வலம் அடையாளம் இட வேண்டும். அவை ஹவுசிங்கோடு (டிஃபரன்ஷியலின் வெளிக்கூடு) சேர்த்துக் கடையப்பட்டவை. இடம் மாறினால் பேரிங் நிற்காது. கிரவுன் போல்ட்களுக்குப் புதியவற்றைப் போட்டு, திருகு பூட்டும் பசை தடவ வேண்டும். சில அச்சுகளில் அந்தப் போல்ட்களுக்கு இடது மரை இருக்கும். தெரியாமல் பலத்தைக் காட்டினால் போல்ட் தலை கையோடு வரும்.

பினியன் பேரிங்குக்கு முன்கூட்டிய இறுக்கம் கொடுக்க நசுங்கும் ஸ்லீவ் உள்ள அச்சில், இறுக்கம் அளவைத் தாண்டினால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்டக் கூடாது. ஸ்லீவைத் தூக்கிப்போட்டுப் புதியது போட வேண்டும். ஆகவே ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

அடுத்தது பல் இடைவெளி. பெரும்பாலான அச்சுகளுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் வரும்; உங்களுடையதற்கு மேனுவல் சொல்வதே சட்டம். கிரவுனைச் சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பற்களில் மஞ்சள் நிற அடையாளப் பூச்சைத் தடவிச் சுற்றிப் பார்க்கும் சோதனை. தடம் பல்லின் உயரத்தில் நடுவே விழ வேண்டும். உச்சியில் ஒதுங்கினால் பினியன் எட்ட இருக்கிறது, அடியில் அழுந்தினால் மிக நெருங்கி இருக்கிறது. பினியனின் ஷிம் தடிமனை மாற்றி மறுபடி கோக்க வேண்டும். இது மூன்று நான்கு முறைகூட நடக்கலாம். முகம் சுளிக்காதீர்கள், மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீர்கள். நல்ல தடம் கிடைத்ததும் புகைப்படம் எடுத்து மேற்படி உறையில் சேருங்கள்.

ஆயில் ஜிஎல்-5 தரத்தில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸுக்கு மிஞ்சிய ஜிஎல்-4 ஆயிலைச் சிக்கனம் என்று இதில் ஊற்றாதீர்கள்; இந்த வகைப் பற்களின் உரசலை அது தாங்காது. லிமிடெட் ஸ்லிப் இருந்தால் அதற்கான சேர்மானமும் தேவை. ஹவுசிங் மேலுள்ள சுவாசக் குழாய் அடைபட்டிருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, புதிய சீல் வழியாகவே ஆயில் கசியும்.

9. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்

வேலை முடிந்து முதல் டேங்க் ஓட்டிக் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 6.8! இத்தனை செலவும் பாடும் மைலேஜைக் குறைக்கவா என்று அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

காரணம் அற்பம். என் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து ஓடுகிறது. அச்சு விகிதம் இறங்கியதும் அதே தூரத்துக்கு ஷாஃப்ட் குறைவாகச் சுற்றுகிறது. முள் குறைவாகக் காட்டுகிறது. ஓடோமீட்டரும் குறைவாக எண்ணுகிறது. 80 என்று முள் காட்டும்போது வண்டி உண்மையில் 92-இல் போய்க்கொண்டிருந்தது. 6.8-ஐ 4.09-ஆல் பெருக்கி 3.54-ஆல் வகுத்தேன்: 7.9. பிறகுதான் உறக்கம் வந்தது. அபராதச் சீட்டு வராமல் போனது என் அதிர்ஷ்டம்.

கேபிள் வகை வண்டிகளில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரத்தை மாற்றினால் போதும். பழைய பல் எண்ணிக்கையைப் புதிய விகிதத்தால் பெருக்கி, பழைய விகிதத்தால் வகுங்கள். என்னுடையது 20 பல், கணக்கில் 17.3 வந்தது; 17 பல் போட்டேன். முள் இப்போது ஒரு நூல் கூடுதலாகக் காட்டுகிறது. அது பாதுகாப்பான பிழை. மின்னணு வகையில் கியர்பாக்ஸ் சென்சார் என்றால் கணினியில் திருத்த வேண்டும். டிஃபரன்ஷியலுக்குள் கிரவுனோடு சுற்றும் வளையத்தைப் படிக்கும் சென்சார் என்றால் எதையும் தொட வேண்டியதில்லை. அது சக்கர வேகத்தையே பார்க்கிறது. இந்தச் சிறு சக்கரத்தையும் மற்றப் பாகங்களோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

10. முதல் 800 கிலோமீட்டர்

புதிய பற்கள் முதல் ஓட்டத்தில் மிகவும் சூடாகும். இருபது நிமிடம் மிதமாக ஓட்டுங்கள். நிறுத்தி, ஹவுசிங் கைக்குக் குளிரும்வரை விடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். 800 கிலோமீட்டர் வரை பாரமும் வேண்டாம், டிரெய்லரும் வேண்டாம், ஆக்சிலரேட்டரை மிதிக்கவும் வேண்டாம்.

வேகம் கூட்டும்போதோ காலை எடுக்கும்போதோ ஊளையிடும் சத்தம் வந்தால் “பழகினால் சரியாகிவிடும்” என்ற ஆறுதலை நம்பாதீர்கள். தடம் சரியில்லாத பல் பழகாது, தேயும். உடனே திரும்பக் கொண்டுபோய்க் கவரைத் திறக்கச் சொல்லுங்கள்.

800-இல் ஆயிலை வடித்துவிடுங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற உலோகப் பொடி இருந்தால் இயல்பு. துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றலாம். விரலில் குத்தும்படி சில்லு ஏதாவது அகப்பட்டால் ஆயிலை ஊற்றாதீர்கள். அந்தச் சில்லை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பாருங்கள்.